ஸ்பானிஷில் மட்டுமே பாடி 43 கோடி டாலர்: லத்தீன் அமெரிக்க இசைக் கச்சேரிகளுக்கு இந்த வசூல் எங்கிருந்து வருகிறது?

#1 மதுரைமணி

ரொம்ப நாள் சந்தேகம், இங்கே கேட்டுவிடுகிறேன். 2022-ல் உலகத்திலேயே அதிகம் வசூலித்த கச்சேரிக் கலைஞர் யார் என்று பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் பட்டியலைப் பார்த்தால் முதலிடத்தில் பேட் பன்னி என்ற போர்ட்டோ ரிக்கோ பாடகர். அந்தக் காலண்டர் ஆண்டில் 81 நிகழ்ச்சிகள், 43.5 கோடி டாலர். ஆங்கிலத்தில் பாடாத ஒருவர் அந்த ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவையாம். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் "முயல் பொம்மையா?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

என் கேள்வி இவ்வளவுதான். டிக்கெட் வாங்குவது யார்? அமெரிக்கர்கள் திடீரென்று ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார்களா? இல்லை, ஏதாவது கணக்கு விளையாட்டா?

#2 கணக்கர்

கணக்கு விளையாட்டு இல்லை மணி, கணக்குதான். அந்த 81 நிகழ்ச்சிகளைப் பிரித்துப் பாருங்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உள்ளரங்குகளில் 35 நிகழ்ச்சிகள், வசூல் 11.68 கோடி டாலர். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஸ்டேடியங்களில் 43 நிகழ்ச்சிகள், வசூல் 31.41 கோடி. நடுவே ஜூலையில் சொந்த ஊரான போர்ட்டோ ரிக்கோவில் 3 இரவுகள்.

இப்போது வகுத்துப் பாருங்கள். உள்ளரங்கில் ஒரு இரவுக்குச் சுமார் 33 லட்சம் டாலர், ஸ்டேடியத்தில் சுமார் 73 லட்சம். அதே ஆள், அதே ஆண்டு, கூரை மட்டும்தான் இல்லை. முதல் சுற்று விற்றுத் தீர்ந்த வேகத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது சுற்றை அறிவித்தார்கள். முதல் சுற்று ஊர் ஊராகப் போவதற்கு முன்பே இரண்டாவது சுற்றின் டிக்கெட் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது எல்லாமே மொத்த வசூல். கலைஞர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் வேறு. மேடை, லாரிகள், ஆட்கள், காப்பீடு, ஸ்டேடிய வாடகை, வரி எல்லாம் போக மிஞ்சுவதை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை.

#3 வேப்பமரம்

எனக்கு இதில் வியப்பே இல்லை. டிக்கெட் விலையை ஏற்றிக்கொண்டே போனால் வசூல் சாதனை தானாக வரும். தேவை கூடினால் விலையும் கூடும் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்களே, விமான டிக்கெட் மாதிரி. ஊரே சேர்ந்து கொள்ளை கொடுத்துவிட்டு அதைச் சாதனை என்று கொண்டாடுவது எனக்குப் புரிவதில்லை.

#4 ஹூஸ்டன்காரர்

வேப்பமரத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் மணியின் கேள்வி.

அமெரிக்கர்கள் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளவில்லை தம்பி. ஸ்பானிஷ் பேசுகிற அமெரிக்கர்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் ஹிஸ்பானிக் மக்கள் 6.21 கோடி. கிட்டத்தட்ட நம் தமிழ்நாட்டின் 2001 கணக்கு. டெக்சாஸில் நான் இருக்கும் தெருவிலேயே பாதி வீட்டில் சனிக்கிழமை மாலை அக்கார்டியன் சத்தம்தான்.

இந்தக் கூட்டம் நேற்று முளைத்ததும் இல்லை. ஹூஸ்டனில் ஆண்டுதோறும் மாட்டுச் சந்தையும் ரோடியோவும் சேர்ந்த பெரிய திருவிழா நடக்கும். அதில் ஒரு நாள் தெஹானோ இசைக்கு, அதாவது டெக்சாஸ் மெக்சிகோக்காரர்களின் இசைக்கு. 1995 பிப்ரவரியில் செலினா என்ற பாடகி அங்கே ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்தில் பாடியபோது 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த மாதமே அவரைச் சுட்டுக் கொன்றார்கள், வயது 23. 2019-ல் அதே திருவிழாவில் லாஸ் துக்கானெஸ் தெ திஹுவானா என்ற நோர்த்தெனோ (வட மெக்சிகோ அக்கார்டியன் இசை) குழுவுக்கு வந்த கூட்டம் 75,000-ஐத் தாண்டியது. ஆங்கிலப் பத்திரிகைகளில் அந்தக் குழுவின் பெயரையே அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. 'பைலே' என்பார்கள், நடனக் கச்சேரி. கல்யாண மண்டபம், கண்காட்சித் திடல், குதிரைக் களம் என்று வார இறுதியில் எங்காவது நடந்துகொண்டே இருக்கும். நுழைவாயிலில் காசு கொடுத்து உள்ளே போவார்கள். என்னோடு வேலை செய்யும், மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்துக்காரர் ஒருவர் தன் மனைவியை முதலில் பார்த்ததே அப்படி ஒரு திடலில்தானாம். அந்தக் காசு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பில்போர்டின் வசூல் பட்டியலான பாக்ஸ்ஸ்கோர் என்பது நடத்துபவர்கள் தாங்களாகச் சொல்லும் கணக்கு. சொல்லாதவர் கணக்கில் இல்லை.

#5 பழைய ரிக்கார்டு

ஹூஸ்டன்காரர் 1995-லிருந்து தொடங்கினார். நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன், கிழவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973 ஆகஸ்ட் 24, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் கச்சேரி. ஃபானியா என்பது டொமினிகன் இசைக்கலைஞர் ஜானி பச்செக்கோவும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் 1964-ல் தொடங்கிய ரிக்கார்டு கம்பெனி. தொடக்கத்தில் காரின் டிக்கியில் ரிக்கார்டுகளை வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய் விற்றவர்கள். ஒன்பதே ஆண்டில் பேஸ்பால் மைதானத்தை வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலும் பிராங்ஸிலும் கிழக்கு ஹார்லெமிலும் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ மக்கள்.

மேடை மைதானத்தின் நடுவில், கூட்டம் கேலரியில். புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ரே பரெட்டோவும் மோங்கோ சாண்டமாரியாவும் எதிரெதிரே உட்கார்ந்து காங்கா என்ற உயரமான கை முரசை வாசிக்கத் தொடங்கினார்கள். நம் தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒன்றையொன்று விரட்டுமே, அதுபோல. கூட்டத்தால் உட்கார முடியவில்லை. தடுப்பைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கிவிட்டது. கச்சேரி அதோடு நின்றது.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் 'யாங்கி ஸ்டேடியத்தில் நேரடி' என்று வந்த தட்டுகளில் பெரும் பகுதி போர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் ஹுவானில் உள்ள வேறொரு அரங்கில் பதிவானது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன. அட்டையைப் பார்த்து ஏமாந்தவன் நான்.

49 ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், பேட் பன்னி யாங்கி ஸ்டேடியத்தில் இரண்டு இரவுகள் பாடினார். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் பக்கத்தில் கட்டிய புதியது.

#6 மதுரைமணி

ஐயா, அருமை. அப்படியென்றால் என் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். கூட்டம் 1973-லேயே இருந்தது, 1995-லும் இருந்தது. பிறகு ஏன் பெரிய பணம் இப்போதுதான் தெரிகிறது?

#7 கணக்கர்

எனக்குத் தோன்றுவது: கூட்டம் எங்கே இருக்கிறது என்பது வியாபாரிகளுக்குத் தெரியாமல் இருந்தது. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு எந்த ஊரில் எத்தனை பேர் யாரைக் கேட்கிறார்கள் என்பது எண்ணாகவே கையில் வந்துவிட்டது. முன்பு ஸ்பானிஷ் வானொலி எட்டும் ஊர்களை மட்டும் நம்பினார்கள். இன்னொரு காரணம் பெரிய முதலாளிகள். மெக்சிகோவின் மிகப் பெரிய கச்சேரி நிறுவனமான ஓசேசாவின் பெரும்பான்மைப் பங்கை அமெரிக்கக் கச்சேரி நிறுவனமான லைவ் நேஷன் 2021 டிசம்பரில் வாங்கியது. லாபம் இல்லாத இடத்தில் அவர்கள் காலை வைக்க மாட்டார்கள்.

சரி, வேப்பமரம் சொன்ன 'விலைதான் காரணம்' என்பதற்கு வருவோம். வெளியான எண்களை வகுத்துப் பார்த்தேன்.

போர்ட்டோ ரிக்கோ பாடகர் டாடி யாங்கியின் 2022 விடைபெறும் கச்சேரிப் பயணத்தில் 83 நிகழ்ச்சிகள், 19 லட்சம் டிக்கெட், 19.78 கோடி டாலர். சராசரி டிக்கெட் சுமார் 104 டாலர். கொலம்பியப் பாடகி கரோல் ஜி 2023–24-ல் 62 நிகழ்ச்சிகள், 23 லட்சம் டிக்கெட், 30.73 கோடி. சராசரி சுமார் 134. ஆர்பிடி என்ற மெக்சிகோ குழு, 2004-ல் ஒரு டிவி தொடரிலிருந்து பிறந்து சில ஆண்டுகளில் கலைந்த குழு, 2023-ல் மறுபடி கூடி 54 நிகழ்ச்சிகளில் 15 லட்சம் டிக்கெட், 23.11 கோடி. சராசரி 154.

பார்த்தீர்களா, மூன்றில் விலை அதிகம் பழைய நினைவுக்குத்தான். 15 வயதில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இப்போது 35 வயது, கையில் சம்பளம் இருக்கிறது. ஆக விலை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 62 ஸ்டேடிய இரவுகளுக்கு 23 லட்சம் பேர் வந்ததை விலையை வைத்து விளக்க முடியாது. விலை ஏறினால் ஆள் குறைய வேண்டும் இல்லையா?

இன்னொரு ஒப்பீடு. 2022-ல் அமெரிக்காவில் லத்தீன் இசைப்பதிவுகள் முழுவதும், அத்தனை பாடகர்களும் சேர்ந்து, 110 கோடி டாலர் வருமானம். அதே ஆண்டு ஒரே ஆள் கச்சேரியில் 43 கோடி. கச்சேரிக் கணக்கில் லத்தீன் அமெரிக்க ஊர்களும் சேர்வதால் ஒப்பீடு முழுசாகச் சரியில்லை. இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

#8 வேப்பமரம்

கணக்கரே, மெக்சிகோவில் அந்த 134 டாலரும் 154 டாலரும் எத்தனை நாள் கூலி? அதைச் சொல்லுங்கள்.

#9 ஹூஸ்டன்காரர்

அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவில் பெரிய கச்சேரி என்றால் முதலில் 'ப்ரெவெந்தா', ஒரு குறிப்பிட்ட வங்கியின் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் முன்விற்பனை. பெரும்பாலும் வட்டியில்லா மாதத் தவணையும் கிடைக்கும். நாம் ஃபிரிட்ஜ் வாங்குவது மாதிரி அங்கே கச்சேரி டிக்கெட். பாட்டு முடிந்து ஆறு மாதம் கழித்தும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். என் நண்பரின் தங்கை மெக்சிகோ நகரத்தில் பள்ளி ஆசிரியை. கொலம்பியப் பாடகி ஷகிராவின் கச்சேரிக்காக அட்டையே புதிதாக எடுத்தாள்.

2025 மார்ச்சில் மட்டும் ஷகிரா அந்த ஒரே ஊரில், ஒரே ஸ்டேடியத்தில் 7 இரவுகள் பாடினார். முன்பு ஃபோரோ சோல் என்று பெயர், இப்போது காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் ஜிஎன்பி செகுரோஸ் ஸ்டேடியம், 65,000 பேர் கொள்ளும். ஒரே இடத்தில் மேடையைப் போட்டுவிட்டு ஏழு நாள் விற்றால் லாரிச் செலவே மிச்சம்.

#10 வேப்பமரம்

அதே மெக்சிகோ நகரத்தில் 2022 டிசம்பர் 9-ம் தேதி அஸ்டெக்கா ஸ்டேடியத்தில் என்ன நடந்தது என்பதையும் யாராவது எழுதுங்கள். பேட் பன்னியின் அதே சாதனைப் பயணம். காசு கொடுத்து டிக்கெட்மாஸ்டர் என்ற டிக்கெட் விற்பனை நிறுவனத்தில் வாங்கிய டிக்கெட்டையே வாசலில் 'போலி' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருக்கைகள் காலி, வெளியே அழுகை. பேட் பன்னியே கூட்டத்தை உள்ளே விடச் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரோஃபெகோ தலையிட்டது. டிக்கெட் பணம் முழுவதையும் கொடுத்து, அதற்கு மேல் 20 சதவீதம் நஷ்ட ஈடும் தர வைத்தது. இதையும் சேர்த்துத்தான் 'வெற்றி'யைப் பார்க்க வேண்டும்.

#11 சின்னாளப்பட்டி சீலா

வேப்பமரம் அண்ணா, இதைப் படித்ததும் வயிறு எரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வெளியே ஒரு பெரிய திரையிசைக் கச்சேரி. யாருடையது, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். நானும் என் அக்காவும் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி மூன்று மணி நேரம் ரோட்டிலேயே நின்று, பாட்டைத் தூரத்திலிருந்து கேட்டுவிட்டு வீடு திரும்பினோம். 20 சதவீதம் கூடுதலா? எனக்கு அசலே நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. மெக்சிகோக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

#12 கணக்கர்

ஆபத்து ரசிகருக்கு மட்டும் இல்லை. 2025 பிப்ரவரியில் ஷகிராவின் பயணம் தொடங்கிய கையோடு பெரு நாட்டின் லிமா கச்சேரி வயிற்றுக் கோளாறால் ரத்து. ஒரு வாரம் கழித்து கொலம்பியாவின் மெதெயினில் மேடைக் கூரை சேதமாகி அதுவும் ரத்து. நாணயம் இன்னொரு தலைவலி. அர்ஜென்டினா அரசு 2023 டிசம்பரில் பெசோவின் அதிகாரபூர்வ மதிப்பை ஒரே அடியாகப் பாதிக்கும் கீழே இறக்கியது. டிக்கெட்டைப் பெசோவில் விற்று, மேடைக்கும் விளக்குக்கும் டாலரில் பணம் கட்ட வேண்டியவன் நிலைமையை யோசியுங்கள். அவ்வளவு இடியைத் தாங்கியும் ஷகிராவின் பயணம் 40 கோடி டாலரைத் தாண்டியது.

#13 ஹூஸ்டன்காரர்

இதில் விசாவை விட்டுவிட்டீர்கள். இங்கே 2025-ல் பெரிய அடி அதுதான். மார்ச் இறுதியில் மெக்சிகோவின் ஸபோபான் நகரில் ஒரு குழு போதைக் கும்பல் தலைவனின் படத்தை மேடைத் திரையில் போட்டது. சில நாட்களில் அந்தக் குழுவின் அமெரிக்க விசா ரத்து. சரி, அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். மே மாதம் ஹுலியோன் ஆல்வாரெஸ் என்ற பாடகர் டாலஸ் பக்கம் ஆர்லிங்டனில் உள்ள ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் பாட வேண்டும். கிட்டத்தட்ட 50,000 டிக்கெட் விற்றாகிவிட்டது. கச்சேரிக்கு முந்தைய நாள், விசா ரத்து, வர முடியாது என்று அவரே வீடியோ போட்டார்.

என் மிச்சோவாகான் நண்பர் குடும்பத்தோடு கிளம்பி ஹோட்டல் கூட எடுத்திருந்தார். திட்டவில்லை. "பாடகருக்கே இந்த நிலை என்றால் நாங்கள் எந்த மூலைக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கூட்டம் கூடும் இடத்துக்குப் போகவே அவர் வீட்டில் சிலர் இப்போது யோசிக்கிறார்கள்.

#14 மாட்ரிட்வாசி

ஹூஸ்டன் அண்ணா சொன்ன அதே பயத்தைத்தான் பேட் பன்னியும் சொன்னார். புதிய உலகப் பயணத்தில் அமெரிக்கப் பெருநிலத்துக்கு ஒரு தேதி கூட இல்லை. குடியேற்றத் துறையினர் கச்சேரி வாசலில் நின்றுகொள்வார்களோ என்ற கவலையும் ஒரு காரணம் என்று 2025 செப்டம்பரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். உலகத்தின் மிகப் பெரிய கச்சேரிச் சந்தையைக் கழித்துவிட்டும் ஒரு வாரத்துக்குள் 26 லட்சம் டிக்கெட் விற்றதாக நடத்துபவர்கள் அறிவித்தார்கள். எங்கள் மாட்ரிட்டுக்கு மட்டும் 10 இரவுகள்.

இங்கே ஒரு உள்ளூர்க் கதையும் உண்டு. 2024 ஜூலையில் கரோல் ஜி பெர்னபேயு ஸ்டேடியத்தில் தொடர்ந்து 4 இரவுகள் பாடினார். நான் மூன்றாவது இரவு போனேன். என் வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கொலம்பியா, ஈக்வடார், வெனிசுலாப் பெண்கள். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள். அன்றைக்கு எல்லோர் தலையிலும் ரோஸ் நிறத் தொப்பி. சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வழக்குக்கே போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்டேடியம் கச்சேரிகளையே நிறுத்தி வைத்துவிட்டது. பேட் பன்னியின் 10 இரவுகளும் ஊரின் மறுகோடியில், மெத்ரோபொலித்தானோ ஸ்டேடியத்தில்.

#15 பழைய ரிக்கார்டு

தங்கச்சி, அந்தப் பயணத்துக்கு முன்னால் பேட் பன்னி செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை சான் ஹுவானில் ஒரே அரங்கில் 30 இரவுகள். 'எல் சோலி' என்று ஊரார் செல்லமாகக் கூப்பிடும் கொலிசேயோ, சுமார் 18,000 பேர் கொள்ளும். முதல் 9 இரவுகள் தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும். டிக்கெட்டை அவர்கள் நேரில் வரிசையில் நின்று வாங்க வேண்டும், இணையத்தில் கிடையாது. மற்ற இரவுகளுக்கு வெளியூர்க்காரர்கள் ஹோட்டலோடு சேர்த்துத் தொகுப்பாக வாங்கலாம். 4 மணி நேரத்தில் 4 லட்சம் டிக்கெட் போய்விட்டது.

மாதத்தைக் கவனியுங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் அங்கே புயல் காலம், சுற்றுலாக்காரர்கள் குறையும் பருவம். காலியாகக் கிடக்க வேண்டிய ஹோட்டல்கள் நிரம்பின. ஃபானியா காலத்தில் தீவின் இசை நியூயார்க் போய்ப் பணம் பார்த்தது. இப்போது நியூயார்க் விமானம் ஏறித் தீவுக்கு வர வேண்டியிருந்தது.

#16 கணக்கர்

ஐயா, கணக்காகப் பார்த்தால் அது நஷ்டம்தான். 18,000 பேர் அரங்கில் 30 இரவு என்பது 65,000 பேர் ஸ்டேடியத்தில் எட்டே முக்கால் இரவுக்குச் சமம் கூட இல்லை. ஸ்டேடியத்திலேயே பாடியிருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும்.

#17 பழைய ரிக்கார்டு

அதனால்தான் சொல்கிறேன். 30 இரவும் முடிந்த பிறகு செப்டம்பர் 20-ம் தேதி இன்னொரு இரவு பாடினார், அதுவும் தீவுக்காரர்களுக்கு மட்டும். 2017-ல் மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்ட அதே தேதி. உங்கள் வகுத்தல் கணக்கில் அந்த 31-வது இரவை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

#18 கணக்கர்

இணையத்தில் உலகம் முழுக்க நேரலையாக ஒளிபரப்பானதே, வருமானப் பத்தியில்தான் எழுதுவேன் 😄 ஆனாலும் நீங்கள் சொல்வது புரிகிறது.

#19 வேப்பமரம்

கட்சி மாறவில்லை. ஆனால் உள்ளூர்க்காரனுக்கு முதல் 9 இரவு என்பதை நம் ஊர்க் கச்சேரிக்காரர்கள் யாராவது படிக்க வேண்டும்.

#20 மதுரைமணி

எல்லோருக்கும் நன்றி. முயல் பொம்மை என்று கேட்டவன் இப்போது இரண்டு நாளாகக் காங்கா கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாட்ரிட் அக்கா, அந்த 10 இரவுகளில் ஒன்றுக்காவது டிக்கெட் எடுத்தீர்களா?

#21 மாட்ரிட்வாசி

எடுத்தேன் மணி. இணைய வரிசையில் எனக்கு முன்னால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் நின்றதாகத் திரை காட்டியது. நடுவே இட்லி ஊற்றி எடுத்துவிட்டு வந்தும் நகரவில்லை. கடைசியில் கிடைத்தது மேல் அடுக்கு, கம்பத்துக்குப் பின்னால். கீழ்வீட்டு ஈக்வடார் அம்மாவுக்கும் சேர்த்தே எடுத்தேன். அவர் மாதம் இருபது யூரோவாகத் தருகிறேன் என்றிருக்கிறார், இரண்டு மாதம் கொடுத்தாகிவிட்டது.